விழித்திரையில் ‘போதும்’ சொல்லும் செல்கள்

நரம்பு மண்டலம் என்று பேச்சு வந்தாலே பெரும்பாலும் தூண்டுதலைப் பற்றித்தான் பேசுவோம். ஒரு செல் இன்னொன்றைத் தூண்டியது, அது அடுத்ததைத் தூண்டியது, செய்தி மூளைக்குப் போய்ச் சேர்ந்தது, கதை முடிந்தது. தடுப்பு என்ற ஒன்று இருக்கிறது என்பதை ‘தூண்டுதல் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளும்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். விழித்திரைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் இந்தக் கதை எவ்வளவு அரைகுறை என்று தெரியும். தூண்டும் செய்தி எதைச் சொல்ல வேண்டும், எதை விட்டுவிட வேண்டும், எவ்வளவு நேரம் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் அங்கே பெரும்பாலும் தடுப்புதான் முடிவு செய்கிறது.

ஒரு சின்னக் கணக்கில் தொடங்கலாம். உச்சி வெயிலில் வாசலில் உட்கார்ந்து நாளிதழ் படிக்கிறீர்கள். அப்புறம் அதே நாளிதழை வீட்டுக்குள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் படிக்கிறீர்கள். இரண்டு இடத்திலும் தாள் வெள்ளை, எழுத்து கருப்பு. ஆனால் கண்ணுக்குள் நுழையும் ஒளியை அளந்து பார்த்தால், வெயிலில் அந்தக் கருப்பு எழுத்திலிருந்து வந்த ஒளி, அறையில் வெள்ளைத் தாளிலிருந்து வந்ததைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும். அப்படியிருந்தும் நமக்கு ஒரு நொடிகூடக் குழப்பம் வருவதில்லை. ஒளியை உணரும் கூம்பு செல்கள் வெளிச்சத்துக்கு ஏற்பத் தங்கள் உணர்திறனைத் தாங்களே மாற்றிக்கொள்வது இதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம், ‘இங்கே இவ்வளவு ஒளி’ என்ற கணக்கைக் கண் பெரும்பாலும் மூளைக்கு அனுப்புவதில்லை. ‘இங்கே பக்கத்தைவிடக் கூட, அங்கே பக்கத்தைவிடக் குறைவு’ என்ற ஒப்பீட்டைத்தான் அனுப்புகிறது. ஒப்பிட வேண்டுமென்றால் கழிக்க வேண்டும், நரம்பு செல்கள் கழிக்க வேண்டுமென்றால் தடுப்பு வேண்டும்.

இட நெருக்கடியும் உண்டு. மனிதக் கண் ஒன்றில் ஒளியை உணரும் செல்கள் 10 கோடி அளவில் இருக்கின்றன. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் உள்ள இழைகளோ சுமார் 10 லட்சம்தான். எல்லாவற்றையும் அப்படியே அனுப்ப வழியே இல்லை.

யார் யார் இருக்கிறார்கள்

இதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், பெயர்கள் தெரிந்தால் போதும். விழித்திரையின் தடிமன் கால் மில்லிமீட்டர் அளவுதான். அதற்குள் நேர்ப்பாதை ஒன்று: ஒளியை உணரும் குச்சி செல்களும் (மங்கிய ஒளிக்கு) கூம்பு செல்களும் (பகல் வெளிச்சத்துக்கு), அவற்றிடமிருந்து வாங்கிக் கடத்தும் பைபோலார் செல்கள், கடைசியில் மூளைக்கு இழை அனுப்பும் கேங்லியான் செல்கள். இந்த மூன்று கட்டத்திலும் செய்தியைச் சுமக்கும் வேதிப்பொருள் குளுட்டமேட். இந்தப் பாதைக்குக் குறுக்கே இரண்டு கூட்டம் இருக்கிறது. முதல் சந்திப்பில், அதாவது கூம்புக்கும் பைபோலாருக்கும் நடுவில், ஹரிசாண்டல் செல்கள். இரண்டாவது சந்திப்பில், பைபோலாருக்கும் கேங்லியானுக்கும் நடுவில், அமக்ரைன் செல்கள். தடுக்கும் வேலை இந்தக் குறுக்குக் கூட்டத்துடையது. அமக்ரைன் செல்களில் ஏறக்குறைய பாதி காபா என்ற வேதிப்பொருளையும், மீதியில் பெரும்பாலானவை கிளைசினையும் வெளிவிடுகின்றன.

எண்ணிக்கையைப் பார்த்தாலே ஒரு விஷயம் உறைக்கும். சுண்டெலியின் விழித்திரையில் பைபோலார் செல்களில் சுமார் 15 வகை, அமக்ரைன் செல்களில் 60க்கும் மேற்பட்ட வகை. தூண்டும் பாதையைவிடத் தடுக்கும் பாதைக்கு இத்தனை வகை தேவைப்படுகிறது என்றால், அது வெறும் பிரேக் பிடிக்கும் வேலையாக இருக்க முடியாது.

இன்னொரு விசித்திரத்தையும் இப்போதே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். கூம்பு செல் குளுட்டமேட்டை வெளிவிடுவது இருட்டில். இருட்டில் அதன் மின்னழுத்தம் மைனஸ் 40 மில்லிவோல்ட் அளவில் இருக்கும், குளுட்டமேட் கசிந்துகொண்டே இருக்கும். ஒளி பட்டால் மின்னழுத்தம் இன்னும் கீழே இறங்கும், குளுட்டமேட் குறையும். ஆக ஒளியின் செய்தி என்பது ‘குறைந்தது’ என்ற செய்திதான். இதை இரண்டு வகை பைபோலார் செல்கள் இரண்டு விதமாகப் படிக்கின்றன. ஆஃப் பைபோலார் செல்லில் குளுட்டமேட் வழக்கம்போலத் தூண்டுகிறது, அதனால் இருட்டு வந்தால் அது விழித்துக்கொள்ளும். ஆன் பைபோலார் செல்லில் அதே குளுட்டமேட், எம்ஜிஎல்யூஆர்6 என்ற ஏற்பியில் (வேதிப்பொருளைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தில்) ஒட்டி, மின்னூட்டத் துகள்கள் நுழையும் அந்தச் செல்லின் வாயில்களை மூடிவிடுகிறது. ஒளி வந்து குளுட்டமேட் குறைந்ததும் வாயில் திறந்து செல் விழிக்கிறது. அதாவது தூண்டும் வேதிப்பொருள், தடுக்கும் வேதிப்பொருள் என்று பெயர் வைத்திருந்தாலும், தூண்டுகிறதா தடுக்கிறதா என்பதை முடிவு செய்வது வாங்கிக்கொள்ளும் செல்லில் உள்ள ஏற்பிதான். அந்த ஏற்பியின் மரபணு பழுதானவர்களுக்குப் பிறவியிலேயே ஒரு வகை மாலைக்கண் வருகிறது.

முதல் சந்திப்பு: பக்கத்துச் செல்லின் தலையீடு

பக்கத்தில் இருப்பவர்கள் தடுக்கிறார்கள் என்பதை முதலில் தெளிவாகக் காட்டியது மனிதக் கண்ணோ பூனைக் கண்ணோ அல்ல, அட்லாண்டிக் கரையில் கிடைக்கும் குதிரைலாட நண்டின் கூட்டுக் கண். ஹால்டன் கெஃபர் ஹார்ட்லைன் என்ற அமெரிக்கர் அந்த நண்டின் பார்வை நரம்பிலிருந்து ஒற்றை இழையைப் பிரித்தெடுத்து அதன் மின்துடிப்புகளைப் பதிவு செய்துகொண்டிருந்தார். ஒரு கண்ணலகின் மேல் ஒளி விழுந்தால் அதன் இழை துடிக்கும், இது எதிர்பார்த்ததுதான். அந்த நேரம் பக்கத்துக் கண்ணலகின் மேலும் ஒளி பட்டால், முதல் இழையின் துடிப்பு குறைந்தது. 1949இல் அவர் இதை வெளியிட்டார். பிறகு ஃபிளாய்ட் ராட்லிஃபோடு சேர்ந்து, யார் யாரை எவ்வளவு தடுக்கிறார்கள் என்பதைச் சமன்பாடாகவே எழுதினார். 1967இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பக்கத் தடுப்பு என்ன செய்யும் என்பதை விளிம்பில் வைத்துப் பார்க்கலாம். இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம், நடுவில் ஒரு எல்லைக்கோடு. வெளிச்சத்தின் நடுவில் இருக்கும் செல்லுக்கு எல்லாப் பக்கமும் வெளிச்சமான அண்டை வீடுகள், எல்லோரும் அதைத் தடுக்கிறார்கள். எல்லைக்கோட்டை ஒட்டி வெளிச்சத்தில் இருக்கும் செல்லுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் வெளிச்சம், அதனால் தடுப்பு குறைவு, அது மற்றவர்களைவிடச் சத்தமாகப் பேசும். கோட்டின் இந்தப் பக்கம் இருட்டில் இருக்கும் செல்லுக்கு நேர் எதிர்: தனக்கு ஒளி இல்லை, ஆனால் பக்கத்து வெளிச்சத்தால் தடுப்பு மட்டும் வருகிறது, அது மற்ற இருட்டுச் செல்களைவிடவும் அடங்கிப்போகும். விளைவு, விளிம்பு உள்ளதைவிடக் கூர்மையாகத் தெரியும். 1865இல் எர்ன்ஸ்ட் மாக் விவரித்த பட்டைகளுக்கு, அதாவது சாம்பல் நிறம் படிப்படியாக மாறும் இடத்தில் இல்லாத ஒரு வெளிர் கோடும் கருங்கோடும் தெரிவதற்கு, வழக்கமாகக் கொடுக்கப்படும் விளக்கம் இதுதான்.

பாடப்புத்தகங்கள் இதோடு சேர்த்து ஹெர்மன் கட்டத்தையும் போடுவார்கள். கருப்புச் சதுரங்களுக்கு நடுவே வெள்ளைத் தெருக்கள் சந்திக்கும் இடத்தில் சாம்பல் புள்ளிகள் தெரியுமே, அது. எனக்கு அந்த உதாரணத்தில் நம்பிக்கை இல்லை. தெருக்களைக் கொஞ்சம் நெளிய விட்டாலே புள்ளிகள் மறைந்துவிடுகின்றன. வெறும் பக்கத் தடுப்புதான் காரணம் என்றால் அந்தச் சின்ன நெளிவால் அவை மறையக் கூடாது. மூளையிலும் ஏதோ நடக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

முதுகெலும்புள்ள விலங்குகளில் இந்த வேலையை ஹரிசாண்டல் செல் செய்கிறது. ஒரு ஹரிசாண்டல் செல் நிறையக் கூம்புகளிடமிருந்து வாங்கி, பக்கத்து ஹரிசாண்டல் செல்களோடும் மின்சாரமாக இணைந்து, அந்தச் சுற்றுவட்டாரத்தின் சராசரி வெளிச்சத்தைத் தன் மின்னழுத்தமாக வைத்திருக்கும். அந்தச் சராசரியை அது கூம்பிடமே திருப்பிச் சொல்கிறது. 1971இல் பேய்லர், ஃபுவார்ட்டஸ், ஓ’பிரையன் மூவரும் ஆமையின் கூம்பு செல்களில் இதைக் காட்டினார்கள்: சுற்றியுள்ள இடத்தில் ஒளி பட்டால், நடுவில் இருக்கும் கூம்பின் பதில் எதிர்த்திசையில் திரும்புகிறது. எப்படி என்றால், கூம்பின் முனையில் குளுட்டமேட் வெளியேறுவதற்குக் கால்சியம் உள்ளே வர வேண்டும். ஹரிசாண்டல் செல் அந்தக் கால்சியம் வாயில்கள் எந்த மின்னழுத்தத்தில் திறக்கும் என்பதையே நகர்த்திவிடுகிறது. சுற்றிலும் வெளிச்சம் கூடினால் வாயில்கள் இன்னும் எளிதாகத் திறக்கும், குளுட்டமேட் கூடும், அதாவது ஒளி குறைக்க நினைத்ததைச் சுற்றுப்புறம் கொஞ்சம் கூட்டிவிடும். இதைச் சாதிப்பது சினாப்ஸ் எனப்படும் செல்களின் சந்திப்பு இடுக்கில் ஏற்படும் அமிலத்தன்மை மாற்றமா, அங்கே பாயும் மின்னோட்டமா, காபாவா என்று பல பத்தாண்டுகளாகச் சண்டை. ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்து வேலை செய்கின்றன என்பதற்கு இப்போது நல்ல ஆதாரம் இருக்கிறது.

இதன் பலனைக் கடைசிக் கட்டத்தில் பார்த்தவர் ஸ்டீஃபன் குஃப்லர். 1953இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பூனையின் கேங்லியான் செல்களைப் பதிவு செய்தபோது, ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு நடுவட்டமும் அதற்கு எதிராகப் பேசும் ஒரு சுற்றுவட்டமும் இருப்பதைக் கண்டார். ஒளிக்கு விழிக்கும் ஆன் வகையில், நடுவட்டத்தில் மட்டும் ஒளிப்பொட்டு விழுந்தால் செல் படபடவென்று துடிக்கும். பொட்டைப் பெரிதாக்கிச் சுற்றுவட்டத்தையும் மூடினால், அதிக ஒளி வந்தும் துடிப்பு குறையும். அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் ஹொராஸ் பார்லோ தவளையிலும் இப்படி ஒன்றைக் கண்டார். இன்னொன்று: பூனையை வெகுநேரம் இருட்டில் வைத்தால் அந்தச் சுற்றுவட்டம் மங்கிப்போகிறது. நட்சத்திர வெளிச்சத்தில் கிடைக்கும் ஒவ்வொரு துளி ஒளியும் வேண்டும், அங்கே கழித்துக்கொண்டிருந்தால் மிஞ்சுவதற்கு ஒன்றும் இருக்காது. அப்போது கூட்டுவதே லாபம்.

இரண்டாவது சந்திப்பு: எங்கே தடுப்பது?

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. கேங்லியான் செல்லுக்குப் போகும் தூண்டலை அமக்ரைன் செல் இரண்டு இடத்தில் தடுக்கலாம். ஏரிப் பாசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வயலுக்கு வரும் தண்ணீரைக் குறைக்க மதகிலேயே பலகையை இறக்கலாம், அல்லது வயலுக்குச் சற்று முன்னால் வாய்க்கால் கரையை வெட்டி வந்த தண்ணீரை வெளியே வடித்துவிடலாம். முதல் வழியில் ஏரித் தண்ணீர் மிச்சமாகிறது, அந்த மதகை நம்பிய எல்லா வயலுக்கும் சேர்த்துக் குறைகிறது. இரண்டாவதில் அந்த ஒரு வயலுக்கு மட்டும்தான் குறைகிறது.

பைபோலார் செல்லின் முனையில் காபாவோ கிளைசினோ விழுந்தால் அது மதகை இறக்குவது. அங்கே குளோரைடு வாயில்கள் திறக்கும், முனையின் மின்னழுத்தம் ஏற முடியாமல் போகும், கால்சியம் குறைவாக வரும், குளுட்டமேட் நிரம்பிய நுண்குமிழ்கள் குறைவாக வெடிக்கும். தூண்டல் பிறக்கும் முன்பே அதன் அளவு மாறிவிடுகிறது. கேங்லியான் செல்லின் கிளையிலேயே தடுப்பு விழுந்தால் அது கரையை வெட்டுவது: குளுட்டமேட் வந்து தன் வேலையைச் செய்யும், ஆனால் திறந்திருக்கும் குளோரைடு வாயில்கள் வழியாக அந்த மின்னோட்டம் கசிந்துவிடும். பல சமயம் குளோரைடு வாயில் திறப்பதால் மட்டும் செல்லின் மின்னழுத்தம் பெரிதாக மாறாது. தூண்டல் வரும்போதுதான் அது இருப்பதே தெரியும். கழித்தலைவிட இது வகுத்தலுக்கு நெருக்கம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்வது இதனால்தான்.

பைபோலார் முனையில் தடுப்பு இத்தனை முக்கியமாவதற்கு அந்த முனையின் அமைப்பும் காரணம். அது சாதாரண சினாப்ஸ் அல்ல, ரிப்பன் சினாப்ஸ். ஒரு புரதப் பட்டையில் நுண்குமிழ்கள் வரிசையாகக் கட்டித் தயாராக நிற்கும். ஒளி சட்டென்று கூடினால் தயாராக இருந்ததெல்லாம் ஒரேயடியாகக் காலியாகிவிடலாம், அதற்கப்புறம் வரும் மாற்றத்தைச் சொல்லச் சரக்கு இருக்காது. குச்சி செல்களின் பாதையில் இதற்கு ஒரு அழகான ஏற்பாடு உண்டு. குச்சி பைபோலார் செல்லின் முனைக்கு எதிரே ஏ17 என்ற அமக்ரைன் செல் உட்கார்ந்திருக்கும். பைபோலார் முனை குளுட்டமேட்டை விட்டதும் ஏ17 அதை வாங்கி, அதே இடத்தில், அதே முனையின் மேல் காபாவைத் திருப்பி விடும். ‘பேசினாய், போதும்’ என்று உடனுக்குடன் சொல்லும் இந்தப் பின்னூட்டத்தால் வெளியீடு சுருக்கமாகிறது, சரக்கு மிஞ்சுகிறது, வெளிச்சம் இன்னும் கூடினாலும் சொல்ல இடம் இருக்கிறது.

எந்த ஏற்பியில் காபா விழுகிறது என்பதைப் பொறுத்து நேரமும் மாறும். பைபோலார் முனையில் காபா-ஏ ஏற்பிகளும் உண்டு, காபா-சி என்று பழைய பெயரில் அழைக்கப்படும் இன்னொரு வகையும் உண்டு. முதலாவது சட்டென்று திறந்து சட்டென்று மூடும், இரண்டாவது மெதுவாகத் திறந்து நெடுநேரம் திறந்தே இருக்கும். குச்சி பைபோலாரில் இந்த மெதுவான வகையின் கை ஓங்கியிருக்கும். ஆஃப் கூம்பு பைபோலாரில் வேகமான கிளைசின் தடுப்பு பலமாக இருக்கும். ஆக ஒவ்வொரு பைபோலார் வகையின் குளுட்டமேட் வெளியீடும் எவ்வளவு நேரம் நீடிக்கும், எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதில் அதன் மேல் விழும் தடுப்பின் கலவைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. வெளிச்சம் மாறும் கணத்தில் மட்டும் துடித்து அடங்கும் செல், வெளிச்சம் இருக்கும்வரை துடித்துக்கொண்டே இருக்கும் செல் என்று கேங்லியான் செல்கள் பிரிவதில் இதுவும் ஒரு காரணம். ஒரே காரணம் இல்லை, பைபோலார் செல்லின் குளுட்டமேட் ஏற்பிகளே சில வேகமானவை, சில மெதுவானவை.

அமக்ரைன் செல்கள் ஒன்றையொன்றும் தடுக்கும். இதனால் ஆய்வகத்தில் வேடிக்கையான முடிவுகள் வரும்: தடுப்பை நிறுத்தும் மருந்தைப் போட்டால் சில பைபோலார் செல்களில் தடுப்பு கூடிவிடும், ஏனென்றால் தடுப்பவரைத் தடுத்துக்கொண்டிருந்தவர் வாயடைத்துப் போனார்.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்

ஒரு கேங்லியான் செல்லுக்குள் தூண்டல், தடுப்பு இரண்டும் கலந்து வருகின்றன. பிரிப்பதற்கு ஒரு எளிய தந்திரம் உண்டு. செல்லின் மின்னழுத்தத்தைக் கருவி கொண்டு ஒரே அளவில் பிடித்து வைக்கலாம். குளோரைடு எந்த அளவில் சமநிலை அடையுமோ அந்த அளவில், மைனஸ் 60 அல்லது மைனஸ் 70 மில்லிவோல்ட் பக்கம், பிடித்து வைத்தால் தடுப்பின் மின்னோட்டம் பூஜ்ஜியமாகும், தூண்டல் மட்டும் தெரியும். பூஜ்ஜியம் மில்லிவோல்ட் பக்கம் பிடித்தால் தூண்டலின் மின்னோட்டம் மறைந்து தடுப்பு மட்டும் தெரியும். இப்போது தூண்டல் மட்டும் தெரியும் நிலையில் வைத்துக்கொண்டு, காபாவையும் கிளைசினையும் மருந்தால் முடக்கிப் பாருங்கள். கேங்லியான் செல்லின் மேல் மட்டும்தான் தடுப்பு விழுகிறது என்றால், தூண்டல் மின்னோட்டம் மாறவே கூடாது. ஆனால் பல செல்களில் அது பெரிதாகிறது, நீள்கிறது, சுற்றுவட்டத்தின் எதிர்ப்பு மங்குகிறது. அப்படியென்றால் தூண்டலே ஏற்கெனவே தடுப்பால் செதுக்கப்பட்டுத்தான் வந்துகொண்டிருந்தது.

அந்த மருந்துகளைப் பற்றி ஒரு வார்த்தை. கிளைசின் ஏற்பியை அடைக்கப் பயன்படும் ஸ்ட்ரிக்னின், நம்மூர் எட்டி மரத்தின் கொட்டையிலிருந்து வருவது. காபா ஏற்பியின் வாயிலை அடைக்கும் பிக்ரோடாக்சின், மீன் பிடிக்கக் குளத்தில் கலக்கும் காக்காய்க்கொல்லி விதையிலிருந்து வருவது. இரண்டும் வலிப்பு வரவைக்கும் விஷங்கள், காரணமும் அதுதான்: தடுப்பு போனால் தூண்டல் தறிகெட்டு ஓடும். எட்டி பழுத்தென்ன என்று பழமொழி சொன்னவருக்கு, கண் ஆராய்ச்சியில் அதற்கு இப்படி ஒரு பயன் வரும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

குறுக்கே வரும் தடுப்பு

பைபோலார் முனையில் ஒரு குறை உண்டு. குளுட்டமேட்டை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம், ஆனால் பூஜ்ஜியத்துக்குக் கீழே குறைக்க முடியாது. அமைதியாக இருக்கும்போது குறைவாகவே வெளிவிடும் முனை, ‘கூடியது’ என்பதை நன்றாகச் சொல்லும், ‘குறைந்தது’ என்பதைச் சொல்லத் திணறும். இதைச் சரிக்கட்ட விழித்திரை எதிர்ப் பாதையிலிருந்து தடுப்பைக் கடன் வாங்குகிறது. ஒளி கூடும்போது ஆஃப் செல்லுக்குக் குளுட்டமேட் குறைகிறது. அந்த நேரத்தில் ஆன் பாதையால் விழித்த அமக்ரைன் செல் கிளைசினையும் அதன் மேல் விடுகிறது. ஒளி குறையும்போது அந்தக் கிளைசின் விலகுகிறது, குளுட்டமேட் வருகிறது, இரண்டும் ஒரே பக்கம் தள்ளுகின்றன. ஒன்று விட்ட குறையை மற்றது நிரப்புவதால் செல்லின் பதில் ஒளி மாற்றத்துக்கு ஏறக்குறைய நேர் விகிதத்தில் வருகிறது.

இரவுப் பார்வையில் இது இன்னும் கச்சிதமாக நடக்கிறது. குச்சி செல்களின் செய்தி ஏஐஐ என்ற ஒரே வகை அமக்ரைன் செல்லுக்கு வருகிறது. அது ஆன் கூம்பு பைபோலார்களோடு மின் இணைப்பு வைத்து அவற்றைத் தூண்டும், ஆஃப் கூம்பு பைபோலார்களின் முனையில் கிளைசின் விட்டு அவற்றைத் தடுக்கும். ஒரு செல், ஒரு செய்தி, இரண்டு எதிரெதிர் விளைவுகள். பகலுக்காகக் கட்டப்பட்ட பாதையை இரவும் வாடகையின்றிப் பயன்படுத்திக்கொள்கிறது.

திசை

இவ்வளவு நேரம் பார்த்ததில் தடுப்பு செய்தியைத் திருத்தியது, கூர்மையாக்கியது, சுருக்கியது. திசையறியும் செல்களில் அது செய்தியையே உருவாக்குகிறது. முயலின் விழித்திரையில் சில கேங்லியான் செல்கள், பொருள் ஒரு திசையில் நகர்ந்தால் பொழிந்து தள்ளும், எதிர்த்திசையில் அதே பொருள் அதே வேகத்தில் நகர்ந்தால் வாயே திறக்காது. 1965இல் பார்லோவும் வில்லியம் லெவிக்கும் இதற்கு முன்வைத்த விளக்கம் தடுப்புதான்: வேண்டாத திசையில் பொருள் வரும்போது தடுப்பு தூண்டலுக்கு முந்தியோ கூடவோ வந்து அதை விழுங்கிவிடுகிறது, வேண்டிய திசையில் தடுப்பு பிந்திப் போகிறது. 1970களில் முயல் விழித்திரையில் பிக்ரோடாக்சினைப் போட்டுப் பார்த்தபோது இந்தச் செல்கள் எல்லாத் திசைக்கும் பதில் சொல்ல ஆரம்பித்தன. தூண்டல் எப்போதுமே எல்லாத் திசைக்கும் வந்துகொண்டுதான் இருந்தது.

தடுப்பவர் ஸ்டார்பர்ஸ்ட் அமக்ரைன் செல். நடுவில் உடல், சுற்றிலும் எல்லாப் பக்கமும் நீளும் கிளைகள். 2002இல் ஆய்லர், டெட்வைலர், டென்க் மூவரும் இதன் கிளை நுனிகளில் கால்சியத்தைப் படமெடுத்தபோது ஒன்று தெரிந்தது: நடுவிலிருந்து வெளியே நோக்கிப் பொருள் நகர்ந்தால் அந்தக் கிளை நுனி பலமாக விழிக்கிறது, வெளியிலிருந்து உள்ளே வந்தால் அவ்வளவாக இல்லை. அதாவது ஒரே செல்லின் ஒவ்வொரு கிளையும் தனித்தனித் திசைக்காரன். சரி, இது கேங்லியான் செல்லுக்கு எப்படிப் போகிறது? 2011இல் ஹைடல்பெர்க்கில் பிரிக்மன், ஹெல்ம்ஸ்டெட்டர், டென்க் குழுவினர் சுண்டெலி விழித்திரையை மிக மெல்லிய அடுக்குகளாகச் சீவி, மின்னணு நுண்ணோக்கியில் படமெடுத்து, யார் யாரோடு இணைகிறார்கள் என்று வரைந்தார்கள். ஒரு கேங்லியான் செல் வேண்டாம் என்று நினைக்கும் திசை எதுவோ, அந்தத் திசையை நோக்கி நீளும் ஸ்டார்பர்ஸ்ட் கிளைகள்தான் அதன் மேல் பெரும்பாலும் இணைந்திருந்தன. பொருள் அந்தத் திசையில் போனால் அந்தக் கிளைக்கு அது ‘நடுவிலிருந்து வெளியே’, உடனே காபா கொட்டும். எதிர்த்திசையில் வந்தால் கிளை சும்மா இருக்கும், குளுட்டமேட் தன் வேலையைச் செய்யும்.

அந்தக் குளுட்டமேட்டையும் நேரடியாகப் படமெடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான பைபோலார் முனைகள் எந்தத் திசையிலும் ஒரே மாதிரிதான் வெளிவிட்டன. சில முனைகளுக்கு மட்டும் திசை தெரியும் என்று 2021இல் ஒரு ஆய்வு காட்டியது. ஆனாலும் பெரிய பங்கு தடுப்புடையதுதான்.

தடுப்பு வந்து சேரும் நேரத்தை வைத்தே நடக்கும் இன்னொரு வேலை உண்டு. நாம் ஒரு புள்ளியை உற்றுப் பார்க்கும்போதும் கண் நில்லாமல் ஆடிக்கொண்டே இருக்கிறது, அதனால் விழித்திரையில் முழுப் படமும் ஆடுகிறது. அப்படியிருக்க, பின்னணி நகராமல் ஒரு பொருள் மட்டும் நகர்ந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? 2003இல் ஓல்வெட்ஸ்கி, பக்கஸ், மைஸ்டர் மூவரும் சாலமாண்டர் என்ற நீர்நில விலங்கிலும் முயலிலும் காட்டியபடி, பின்னணி முழுவதும் நகரும்போது தொலைவுக்கு இழை நீட்டும் அமக்ரைன் செல்கள் சில கேங்லியான் செல்களைத் தடுத்துவிடுகின்றன. பொருளும் பின்னணியும் சேர்ந்து ஆடினால் தூண்டலும் தடுப்பும் ஒரே கணத்தில் வந்து ஒன்றையொன்று அடித்துவிடும், செல் மௌனம். பொருள் மட்டும் தன் போக்கில் நகர்ந்தால் தூண்டல் வரும் கணத்தில் தடுப்பு இருக்காது, செல் துடிக்கும்.

தடுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதைவிட எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது முக்கியம் என்று நான் சொல்வதற்கு நல்ல சாட்சி ஒரு பிறவிக் கோளாறு. பிறந்த சில மாதங்களிலேயே கண்கள் பக்கவாட்டில் தானாக ஆடத் தொடங்கும் ஒரு வகை கண்ணாட்டத்துக்கு எஃப்ஆர்எம்டி7 என்ற மரபணுவின் பழுது ஒரு காரணம். விழித்திரையில் இந்த மரபணு ஸ்டார்பர்ஸ்ட் செல்களில்தான் வேலை செய்கிறது. 2016இல் வெளிவந்த ஆய்வில், இது பழுதான சுண்டெலிகளில் இடம் வலமாக நகரும் பொருளின் திசையை அறியும் திறன் கேங்லியான் செல்களில் போய்விட்டிருந்தது. மேலும் கீழுமான திசை தப்பித்தது. தடுப்பு நின்றுபோகவில்லை. காபா வந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் பொருள் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஒரே அளவில் வந்தது. ஓடும் கோடுகளைக் கண் பின்தொடர்ந்து, சட்டென்று திரும்பி, மறுபடி பின்தொடரும் அனிச்சை அசைவு அந்த எலிகளிடம் பக்கவாட்டில் இல்லை. அந்த மரபணுக் கோளாறு உள்ள மனிதர்களிடமும் பக்கவாட்டில் அந்த அசைவு இல்லை.